கார்புரேட்டரில் தண்ணீர்

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்ததும் சூர்யகலாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பெட்ரோலுக்கு அடியில் மறுபடியும் தண்ணீர். ஒட்டாமல் தனியாகப் பிரிந்து, கிண்ணத்தின் மூலையில் உருண்டு நின்றது.

"பாத்தீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க!" என்று கிண்ணத்தைப் புருசன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

திருப்பதி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, உள்ளே கம்பி வைத்த இடது காலை முன்னால் நீட்டியிருந்தான். குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பெட்ரோல் பங்குலதான் கலக்குறானுக. நான் போன தடவையே சொன்னேன்ல."

சொன்னான்தான். மழை தொடங்கியதிலிருந்து வண்டி இப்படித்தான் பாடாய்ப் படுத்துகிறது. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். திடீரென்று ஒரு காலையில் இருமும், திணறும், நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். முதலில் முந்தல் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அப்புறம் ஒரு நாள் சந்து முனையிலேயே நின்றது. மழைத்தண்ணீர் டேங்குக்குள் இறங்குகிறதோ என்று மூடியின் ரப்பர் வாசரை மாற்றினாள். வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் ஏற்றி நிறுத்தினாள். எதற்கும் மசியவில்லை. நேற்றுக் காலையில் புலியூத்துக்கு மேலே, கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது நின்றது.

அங்கே நின்றதுதான் வினையாகிப் போனது. பின்னால் மருதாயி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் அணைந்ததும் வண்டி பின்னோக்கி உருண்டது. சூர்யகலா பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றிப் பார்த்தாள். ஈர ரோட்டில் கால் வழுக்கிவிட்டது. இரண்டு பேரும் வண்டியோடு சாய்ந்தார்கள். பின்னால் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பு கிறீச்சென்று நின்றபோது, அதன் முன்பக்கத்து இரும்பு சூர்யகலாவின் தலைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. மருதாயி கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது.

மருதாயி அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். புருசன் இல்லை, மகள் திருப்பூரில். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். சூர்யகலாவுக்கு அதே தோட்டத்தின் ஸ்டோரில் வேலை. பச்சைக்காயை எடை போட்டு வாங்க வேண்டும், உலர்கிற காயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இருவரும் ஜீப்பில்தான் போனார்கள், மூட்டை அடுக்குகிற மாதிரி ஆளை அடுக்குகிற ஜீப்பில். அந்த மாதிரி ஒரு ஜீப்பைத்தான் திருப்பதியும் ஓட்டினான். மூன்று வருசத்துக்கு முன்னால் அது அவனோடு உருண்டது. ஆள் பிழைத்தான், கிளட்ச் மிதிக்கிற கால் போயிற்று. அதற்குப் பிறகு அவனுடைய பைக்கை சூர்யகலா எடுத்து ஓட்டப் பழகினாள். சந்தே வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் மருதாயி பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஓட்டு பாப்போம், விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்றாள்.

இப்போது விழுந்தாகிவிட்டது.

"மருதாயிக்கா கையில மாவுக்கட்டு. காய் எடுக்குற கை," என்றாள் சூர்யகலா. பல்லைக் கடித்துக்கொண்டு மிதவையின் பின்னை உருவினாள். "இவனுக தண்ணியக் கலந்து விப்பானுக, நாங்க ரோட்டுல கெடந்து சாகணும்."

"சரி, ஆத்திரத்துல ஜெட்டை ஒடச்சிராத," என்றான் திருப்பதி. "மெதுவா. அந்தப் பித்தளை ஸ்க்ரூவ நேரா புடிச்சுக் கழட்டு."

எஞ்சின் விஷயம் அவனுக்கு அத்துபடி. அவன் சேரில் இருந்தபடி சொல்லச் சொல்ல, அவள் தரையில் விரித்த சாக்கில் உட்கார்ந்து செய்வாள். பெட்ரோல் பாய்கிற பொடி ஓட்டை கொண்ட இரண்டு ஜெட்டையும் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்புக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு எடுத்தாள். சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். கிண்ணத்தைத் துடைத்துக் காயவைத்தாள். டேங்கில் இருந்ததை முழுக்கக் கேனில் இறக்கி, தெளியவிட்டு, மேலாக இருந்த நல்ல பெட்ரோலை மட்டும் திரும்ப ஊற்றினாள். அடியில் தங்கியதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டாள். அரை டம்ளருக்கு மேலேயே இருந்தது.

"காத்து ஸ்க்ரூவ முழுசா உள்ள திருகு. இறுக்காத. இப்ப ஒன்றரைச் சுத்து வெளிய எடு. மலை மேல காத்து மெலிசு, இன்னொரு கால் சுத்து கூடவே விடு."

விட்டாள். உதைத்தாள். வண்டி ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக, உருண்டையாக வந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்குப் பாட்டிலைத் துணிப்பைக்குள் போட்டாள்.

"எங்க போற?" என்றான் திருப்பதி.

"பங்குக்கு."

"விடு கலா. அவனுககிட்டப் போயி என்னத்தப் பேச? வேற பங்குல போட்டுக்கலாம்."

"வேற பங்குல போட்டா மருதாயிக்கா கை கூடிருமா?"

மலைக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது பங்க். சாயந்தரக் கூட்டம். சூர்யகலா வண்டியை நட்டநடுவே நிறுத்தினாள். இறங்கின வேகத்திலேயே பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுக்குப் பேரு பெட்ரோலா? எல்லாரும் பாருங்கய்யா! இதைத்தான் நம்ம வண்டிக்கு ஊத்துறானுக!"

ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முபின். போடி ஆள்தான், முப்பது வயது இருக்கும். ரசீது மெஷினைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தான்.

"அக்கா, என்னக்கா, என்னாச்சு? சத்தம் போடாதீங்க, உள்ள வாங்க பேசலாம்."

"எதுக்கு உள்ள வரணும்? வெளிய வச்சே பேசு! தண்ணித் திருடனுகளா! ஒரு பொம்பள கை ஒடிஞ்சு கெடக்கா. ஜீப்பு ஏறியிருந்தா ரெண்டு பொணம். உன் வீட்டுப் பொம்பளைய அந்த வளைவுல ஏத்தி விடுவியாடா இந்தப் பெட்ரோலப் போட்டு?"

வார்த்தை வந்துகொண்டே இருந்தது. மூன்று வருசமாக அடக்கிவைத்ததெல்லாம், வண்டியில் போகும்போது பின்னாலிருந்து கேட்ட சிரிப்பு, ஸ்டோர் மேஸ்திரியின் நக்கல், ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தது எல்லாம் சேர்ந்து முபின் தலையில் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். இரண்டு பேர் தங்கள் வண்டியை வரிசையிலிருந்து உருட்டிக்கொண்டு போனார்கள்.

முபின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவன் எதிர்த்துக் கத்தவில்லை. உள்ளே போய் நீளமான அளவுகோலை எடுத்துவந்தான். அதன் நுனியில் ஏதோ பசையைத் தடவினான். எல்லார் கண் முன்னாலும் தரையடி டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே விட்டான்.

"அடில தண்ணி இருந்தா இந்தப் பசை நெறம் மாறும். பாருங்க." கோலை இழுத்து எல்லாருக்கும் காட்டினான். பசை நிறம் மாறவில்லை. பம்பிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினான். ஒரு துளி கூடப் பிரியவில்லை. "இன்னைக்கு மட்டுமில்ல, இந்த மழைல எல்லா வண்டியும் இங்கதான்க்கா போடுது. வேற ஒரு வண்டி நின்னதா யாராவது வந்தாங்களா? நீங்க மட்டுந்தான்."

"அப்ப என் டேங்க்ல வானத்துல இருந்தா வந்துச்சு?"

முபின் பாட்டிலை வாங்கிச் சாய்த்துப் பார்த்தான். அவன் குரல் தணிந்தது.

"மழை ஒழுகுனா இம்புட்டு வராதுக்கா. இது ஊத்துன தண்ணி. உங்க டேங்க் மூடிக்குச் சாவி உண்டுல்ல?"

"உண்டு."

"யார் யாருகிட்ட இருக்கு?"

சூர்யகலாவின் கை இடுப்புச் சாவியைத் தொட்டது. சாவி இரண்டு. ஒன்று எப்போதும் அவள் இடுப்பில். இன்னொன்று வீட்டில், அலமாரி ஆணியில்.

தினமும் விடியக்காலையில் அவள் உலை வைக்கும்போது திருப்பதி கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைத்து வைப்பான். காலை இழுத்துக்கொண்டு, ஒரு வாளியும் துணியுமாக. 'எம்புருசன் எனக்கு வண்டி தொடச்சு வைக்கிறாரு' என்று மருதாயியிடம் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பாள். வண்டி நின்ற ஒவ்வொரு நாளையும் மனசில் எடுத்துப் பார்த்தாள். ஸ்டோரில் ராத்திரி ஷிஃப்டுக்கும் இருக்கச் சொல்கிறார்கள் என்று அவள் வந்து சொன்னதற்கு மறுநாள். சம்பளம் கூட்டிக் கொடுத்ததற்கு மறுநாள். நேற்று, மேற்பார்வை வேலையை அவளிடமே கொடுக்கப்போவதாகச் சொன்னதற்கு மறுநாள்.

பாட்டிலைக்கூட வாங்காமல் வண்டியை எடுத்தாள். அப்படிக் கத்தியவள் ஏன் இப்படிக் கிளம்பிப் போகிறாள் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது திருப்பதி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"எத்தனை தடவ ஊத்துன?"

பதினாலு வருசக் குடித்தனத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியதே இல்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தான்.

"கலா..."

"எத்தனை தடவன்னு கேட்டேன்."

"ஒரு டம்ளர்தான். வேற ஒண்ணுமில்ல. முந்தல் தாண்டுறதுக்குள்ள நின்னுரும், நீ தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவேன்னு நெனச்சேன். மேல ஏறி நிக்கும்னு நெனைக்கலடி."

"நெனைக்கல!" அவள் குரல் வீட்டுத் தகரத்தில் அடித்துத் திரும்பியது. "நீ அந்த ரோட்டுல ஜீப்பு ஓட்டுன ஆளு! எந்த எடத்துல வண்டி திணறும், எங்க நிக்கும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவ. உனக்குத் தெரியாதா?"

"பயந்துட்டேன் கலா. அந்த வளைவுலதான நான் உருண்டேன். நீ தெனம் அதே வழி போறத இங்க உக்காந்து நெனச்சுக்கிட்டே இருந்தா..."

"பயமா? பயம்னா வாயத் தொறந்து சொல்லணும். 'போகாத புள்ள, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லிருக்கணும். டேங்க்குக்குள்ள தண்ணி ஊத்துறதுக்குப் பேரு பயமா?"

அவன் தலை குனிந்திருந்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"டீக்கடைல பேசுறானுக. பொண்டாட்டி மலையேறிச் சம்பாதிக்கிறா, இவன் வீட்ல வெங்காயம் உரிக்கிறான்னு. இப்ப சூப்பர்வைசரு வேற. இனி எம்மொகத்தையே பாக்க மாட்டானுக."

அதுவும் உண்மை, பயமும் உண்மை என்று சூர்யகலாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. பொய் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். இவன் கூடவே உட்கார்ந்து, ஜெட்டை எப்படித் துடைப்பது, ஸ்க்ரூவை எத்தனை சுற்று விடுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தானே, அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? தான் ஊற்றிய தண்ணீரைத் தன் கண் முன்னாலேயே பெண்டாட்டி துடைப்பதைப் பார்த்துக்கொண்டு, பங்கில்தான் கலக்குகிறான் என்று எப்படி வாய் கூசாமல் சொன்னான்?

"எந்திரி," என்றாள்.

"எங்க?"

"மருதாயிக்கா வீட்டுக்கு. நீயே சொல்லு."

"கலா, வேணாம். உங்கால்ல வேணா விழுறேன்."

"எங்கால்ல விழுந்து என்ன? ஒடிஞ்சது என் கையா? எந்திரி!"

மருதாயி கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் தட்டில் சோற்றைப் பிசைய முயன்றுகொண்டிருந்தாள். பாதிச் சோறு மடியில் கிடந்தது. திருப்பதி வாசல்படியில் நின்று, ஒரு மூச்சில் சொல்லி முடித்தான். மருதாயி முதலில் விளங்காதவள் மாதிரி சூர்யகலாவைப் பார்த்தாள். சூர்யகலா தலையை ஆட்டினாள்.

"இங்க வா அப்பு," என்றாள் மருதாயி.

கிட்டே போனான். குனியச் சொன்னாள். குனிந்தான். சோறு ஒட்டிய இடது கையால் பளீரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"பழகாத கை, சரியா விழல. அந்தக் கை நல்லா இருந்தா இன்னும் ஒழுங்கா விழுந்துருக்கும்," என்றாள். அதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "காய் சீசன்ல கைய ஒடிச்சுப் போட்டுட்டியேடா. எனக்கு யாருடா இருக்கா?"

திருப்பதி கன்னத்தில் ஒட்டிய சோற்றைத் துடைக்காமல் நின்றான். "கட்டு பிரிக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்க்கா. சோறாக்கித் தர்றேன்."

"ஆக்காம? ஒனக்கு வேற என்ன சோலி? துணியும் தொவைக்கணும். என் சேலையத்தான் தொவைக்கணும், சந்துல எல்லாரும் பாக்கக் காயப்போடணும்."

சூர்யகலாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் கோபம் கரைந்துவிடும் என்று பயம். அவளுக்கு அது இன்னும் தேவைப்பட்டது.

மறுநாள் காலையில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பங்குக்குப் போனாள். முபின் அவளைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டான். ராத்திரி தூங்காத முகம்.

"தம்பி, நேத்து நான் பேசுனது அத்தனையும் தப்பு," என்றாள் சூர்யகலா. "கலந்தது நீங்க இல்ல. இவருதான். மன்னிச்சுக்கோ."

"மன்னிக்கிறது இருக்கட்டும்க்கா," என்றான் முபின். போனை எடுத்துக் காட்டினான். அதில் அவள்தான் கத்திக்கொண்டிருந்தாள். தண்ணித் திருடனுகளா என்ற வார்த்தையை யாரோ பெரிய எழுத்தில் மேலே போட்டிருந்தார்கள். "ஊர்ல ஒரு வாட்ஸ்அப் குரூப்பு பாக்கியில்ல. எங்கம்மா பாத்துட்டு ராத்திரி சாப்பிடல. ஓனரு என்னய வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாரு, விசாரிக்கிற வரைக்கும். ஷிஃப்ட்ட ஒப்படைக்கத்தான் இன்னைக்கு வந்தேன். இப்ப நீங்க மெதுவா வந்து தப்புன்னா, அது யாருக்குக் கேக்கும்?"

சூர்யகலா போனை வாங்கிப் பார்த்தாள். இவனை அவள் கேட்ட கேள்வி, அவன் வீட்டுப் பெண்களை இழுத்த விதம், எல்லாம் போனுக்குள்ளிருந்து அவளுடைய குரலிலேயே வந்துகொண்டிருந்தது.

"என்ன செய்யணும், சொல்லு."

"அவரு சொல்லணும். படம் புடிப்பேன். அதே குரூப்புல போடுவேன்."

திருப்பதி ஓரடி பின்னால் போனான். "வேற எதுன்னாலும் செய்றேன் தம்பி. படம் வேணாம். ஊரே காறித் துப்பும். இந்த ஊர்ல நான் எப்படி நடமாடுறது?"

"இந்தத் தம்பி எப்படி நடமாடுறான்?" என்றாள் சூர்யகலா. "அவன் ஆத்தா எப்படி வெளிய வருது? சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்றேன். நான் சொன்னா ஒரு வார்த்தை கொறைக்க மாட்டேன்."

அவன் சொன்னான். பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், டேங்கில் தண்ணீர் ஊற்றியது தான்தான் என்றும் பங்கு மேல் பழி போட்டதும் தான்தான் என்றும் சொன்னான். ஏன் ஊற்றினாய் என்று முபின் கேட்டான். "பொண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாதுன்னு" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. பின்னால் பெட்ரோல் போட நின்ற ஒருத்தன் கெக்கெக்கென்று சிரித்தான். சூர்யகலா திரும்பி, "என்னய்யா சிரிப்பு? உன் வீட்ல போயிக் கேட்டுப் பாரு, நீ என்னென்ன ஊத்திருக்கேன்னு!" என்றாள். சிரிப்பு நின்றது.

அந்தப் படமும் ஊரெல்லாம் சுற்றியது. முபினை ஓனர் வேலையில் வைத்துக்கொண்டார். ஆனால் சூர்யகலா பெட்ரோல் போடப் போகும்போது அவன் முன்பு மாதிரி பேசுவதில்லை. அளவைக் காட்டுவான், பணத்தை வாங்குவான், அடுத்த வண்டியைப் பார்ப்பான். அதைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் அப்படி இருக்க அவனுக்கு நியாயம் உண்டு.

திருப்பதி ஒரு வாரம் சந்து முனையைத் தாண்டவில்லை. மருதாயி வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக நடந்தான், சமைத்தான், சேலை துவைத்து நடுச்சந்தில் காயப்போட்டான். சிரிக்கிறவர்கள் இரண்டு மூன்று நாள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. சூர்யகலா மேற்பார்வை வேலையை வாங்கிக்கொண்டாள். விடியக்காலையில் தனியாக மலையேறினாள். வண்டி ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் அணைந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொள்வாள். உடனே அந்தப் பயமே கோபமாகத் திரும்பும். ஆள் இல்லாத இடத்தில் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போவாள். புலியூத்துக்கு மேலே அவள் திட்டாத நாள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சாக்கை விரித்து, காற்று ஸ்க்ரூவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பதி டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"சத்தம் கொஞ்சம் தடிப்பா இருக்கு. இன்னும் ஒரு பொட்டு வெளிய எடுக்கலாம்," என்றான்.

"எனக்குத் தெரியும்."

அவன் சேரை இழுக்கப் போனான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னும் எத்தனை நாளைக்குக் கலா இந்தக் கோவம்?"

அவள் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தாள். இந்தக் கேள்விக்காக அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எனக்கே தெரியல. தீந்தா நானே சொல்றேன். நீ கேக்காத. கேட்டா இன்னும் கூடுது."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன். உன்ன மாதிரி உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு வேற எதையும் செய்ய மாட்டேன். கோவம் இருக்குன்னா இருக்குன்னு சொல்லுவேன். போயிருச்சுன்னா போயிருச்சுன்னு சொல்லுவேன்."

அவன் மருதாயிக்கு ரசம் வைக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே காலை இழுத்து நடந்தான். சூர்யகலா டீயை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அதற்கும் அவளுக்கு எரிச்சல் வந்தது.